சறுக்கியவர் ஒருத்தர், சுமந்தவர் யார்?

எக்ஸ்ட்ரீம் ஸ்கீயிங் ஆவணப்படங்களில் எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'தனியாக'. தனியாக மலையை எதிர்கொண்டார், தனியாக மரணத்தைப் பார்த்தார், தனியாக இறங்கினார்... பின்னணியில் வயலின் வேறு இழைப்பார்கள். அய்யா, அவர் தனியாகத்தான் இறங்கினார் என்றால், எதிர் முகட்டில் உட்கார்ந்து அதைப் படம் பிடித்தது யார்? மலைப்பேயா?

இந்தப் பதிவு அந்த மலைப்பேய்களைப் பற்றி.

பனிச்சறுக்கு பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: ஒரு தகுதியும் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் டிரான்ஸ்ஃபராக வடக்கே வந்து, இப்போது சண்டிகரில் குப்பை கொட்டும் தென்மாவட்டத்துக்காரன். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் ரஜாய்க்குள் புகுந்துகொண்டு இந்த மாதிரிப் படங்களாகப் பார்த்துத் தள்ளுவேன். வீட்டு அம்மணி 'வேற படமே கிடைக்கலையா' என்று தலையில் அடித்துக்கொள்வார். ஸ்கீயிங் தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். ஒரு பக்கம் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றை மறைத்தால் ஐந்தொகை டேலி ஆகாது என்பது காமர்ஸ் படித்த எவனுக்கும் தெரியும். இந்தப் படங்கள் டேலி ஆகவில்லை. அதுதான் என் புகார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சாதாரணப் பனிச்சறுக்கு, சுவிட்சர்லாந்து டூயட்டில் நாம் பார்க்கிற சமாசாரம். எக்ஸ்ட்ரீம் என்பது 45, 50 டிகிரி சாய்வுள்ள மலைமுகத்தில் இறங்குவது. அந்த ஆட்களே சொல்லும் இலக்கணம் ரொம்பச் சுருக்கமானது: விழுந்தால் செத்தாய். இதைப் படமெடுப்பதும் புதுசு இல்லை. ஜெர்மனிக்காரர் ஆர்னால்ட் ஃபாங்க் 1920-லேயே பனிச்சறுக்கு பற்றி ஆவணப்படம் எடுத்துவிட்டார். அவருடைய கேமராமேன்களும் கனமான கேமராவோடு பனியில் சறுக்கத் தெரிந்தவர்கள்தான். ஆக நூறு வருஷத்துக்கு மேலாக ஒருத்தர் முன்னால் சறுக்க, இன்னொருத்தர் சுமையோடு பின்னால் சறுக்குகிறார். முதலாமவர் பெயர் போஸ்டரில். இரண்டாமவர் பெயர் எல்லோரும் எழுந்து போன பிறகு ஓடும் எழுத்தில்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1970 மே 6-ம் தேதி. யூய்ச்சிரோ மியூரா என்ற ஜப்பானியர் எவரெஸ்டில் சவுத் கோல் பக்கத்தில், கிட்டத்தட்ட 8,000 மீட்டர் உயரத்தில் இருந்து, முதுகில் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்கில் இறங்கினார். பாராசூட் வேகத்தைக் குறைக்க. பாதியில் கால் தவறி, நூற்றுக்கணக்கான மீட்டர் உருண்டு, ஒரு பெரிய பனிப்பிளவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று பிழைத்தார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருபது செகண்ட். இதைக் கனடா நாட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் 'தி மேன் ஹூ ஸ்கீட் டவுன் எவரெஸ்ட்' என்று 1975-ல் படமாக வெளியிட்டார். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பெரிய சாதனை. மியூரா சாதாரண ஆளும் இல்லை. பிற்பாடு 70 வயசிலும், 75 வயசிலும், 80 வயசிலும் எவரெஸ்ட் உச்சிக்கு ஏறியவர். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது பற்றுப் பக்கம். அதே பயணத்தில், அவர் சறுக்குவதற்கு ஒரு மாசம் முன்னால், ஏப்ரல் 5-ம் தேதி, கும்பு பனியருவியில் பனிப்பாளங்கள் சரிந்து ஆறு ஷெர்பாக்கள் செத்துப்போனார்கள். பனியருவி என்றால் குற்றாலம் மாதிரி கற்பனை செய்யாதீர்கள். வீடு வீடாக உயரமுள்ள பனிக்கட்டிகள், மெதுவாக நகர்ந்துகொண்டே, எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாமல் நிற்கும் இடம். மேலே போகிற கூடாரம், சாப்பாடு, ஆக்ஸிஜன், கேமரா, ஃபிலிம் ரோல் எல்லாம் அந்த வழியாகத்தான் போகணும். முதுகில் போகணும். அந்த முதுகுகளில் ஆறு திரும்பி வரவில்லை.

நேர்மையாகச் சொல்லணும், படம் இந்தச் சாவை மறைக்கவில்லை. காட்டுகிறது. ஆனால் எப்படிக் காட்டுகிறது? படத்தின் விவரணை மியூராவின் டைரி. அதனால் ஆறு பேரின் சாவும் அவருடைய மனசில் ஏற்பட்ட போராட்டமாக, அவருடைய பயணத்தில் வந்த ஒரு சோதனையாக ஆகிவிடுகிறது. போகலாமா, திரும்பலாமா என்ற கேள்வி அவருக்கு. செத்தவன் வீட்டில் அடுத்த மாசம் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி யாருக்கு? அந்தக் கேள்விக்குப் படத்தில் இடம் இல்லை. தலைப்பைப் பாருங்கள். 'எவரெஸ்டில் சறுக்கிய மனிதன்'. ஒருமை. ஆறு பேர் செத்த ஒரு பயணத்துக்கு ஒருமையில் தலைப்பு வைக்க எவ்வளவு மனத்துணிவு வேண்டும்!

இந்த 'ஒருமை'யை ஒருமுறை எனக்கு நேரிலேயே விளக்கியவன் ஒரு பையன். சண்டிகருக்கு முன்னால் குல்லு பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். சின்னக் கடன் கேட்டு வந்திருந்தான். என்ன வேலை என்று கேட்டேன். "சீசன்ல போர்ட்டர் சாப். வெளிநாட்டுக்காரங்க ஸ்கீயிங் படம் எடுக்க வந்தா கேமரா பேக் தூக்குவேன்" என்றான். படத்தில் நீ வருவாயா என்று சும்மா கேட்டேன். சிரித்தான். "எங்களை நேர் வழியில ஏறவே விட மாட்டாங்க சாப். காலடித் தடம் பனியில விழுந்தா ஷாட் கெட்டுப்போயிடும். பின்பக்கமா சுத்தித்தான் ஏறணும். மேல போனதும், 'பாய், ஃப்ரேம்ல இருந்து தள்ளு'ம்பாங்க."

கவனியுங்கள். அவன் மேலே போயிருக்கிறான் என்பதற்கான தடமே படத்தில் தெரியக்கூடாது. அதற்காகச் சுற்றுவழி. அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, தொழிலின் விதியாகச் சொன்னான். கூலி சரியாக வந்துவிடும் என்றும் சொன்னான். இன்சூரன்ஸ் உண்டா என்றேன். "அது எஜமான் பார்த்துக்குவார்" என்றான். எந்த எஜமான், என்ன பாலிசி, நாமினி யார் என்று ஒன்றும் தெரியவில்லை. பிற்பாடு எந்தப் படத்தில் கன்னி கழியாத வெள்ளைப் பனியில் ஒற்றைக்கோடு போட்டு ஒருத்தர் இறங்கினாலும், என் கண் அந்த முகட்டின் பின்பக்கத்தைத்தான் தேடுகிறது.

அடுத்தது, தொழில்நுட்பம் சம்பந்தமான விஷயம். இந்த ஷாட்டுக்கு ரீடேக் கிடையாது. ஒருமுறை இறங்கியாச்சு என்றால் கோடு விழுந்துவிட்டது. அடுத்த புதுப்பனி விழும்வரை அந்த மலைமுகம் கேமராவுக்குச் செல்லாது. ஹெலிகாப்டர் ஓடிக்கொண்டிருக்கும், மணிக்கணக்கில் மீட்டர். நல்ல வெளிச்சம் கொஞ்ச நேரம்தான். ஆனால் வெயில் ஏற ஏறப் பனி இளகும். வசந்தகாலத்தில் வெயில் படுகிற சரிவுகளில் சீக்கிரம் இறங்கிவிடுவதுதான் பத்திரம் என்பது மலைக்காரர்களின் பால பாடம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் கிளம்புகின்றன. அதாவது சறுக்குவதற்கு அருமையான இடமும் புதைவதற்கு அருமையான இடமும் ஒன்றுதான். ஆக, கேமராவுக்கு நல்ல நேரமும் மனுஷனுக்கு நல்ல நேரமும் எப்போதும் ஒத்துப்போகாது. கேமரா இருந்தால் இல்லாத தைரியம் வரும் என்பதற்கு அந்த உலகத்திலேயே 'கோடக் தைரியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தாச்சு, பெயர் மட்டும் மாறவில்லை.

பேங்கில் எங்களுக்கு 'மேக்கர் - செக்கர்' என்று ஒரு விதி உண்டு. ஒருத்தர் என்ட்ரி போட்டால் இன்னொருத்தர் சரிபார்த்து ஒப்புதல் தரணும். பத்தாயிரம் ரூபாய் டிரான்ஸ்ஃபருக்கே இந்தக் கெடுபிடி. 50 டிகிரி சரிவில் ஒரு உயிரை இறக்கிவிடும்போது செக்கர் யார்? சறுக்குகிறவருக்கு ஷாட் வேணும். இயக்குநருக்கும் வேணும். பணம் போட்ட கம்பெனிக்கு ரொம்ப வேணும். மூணு பேரும் மேக்கர். 'இன்னைக்கு வேண்டாம்பா, நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரு ஆள், ஷாட்டால் எந்த லாபமும் இல்லாத ஒரு ஆள், அங்கே இருக்கிறாரா? இருந்தால் அவரைக் காட்டுங்கள். அவர் 'வேண்டாம்' என்று சொன்ன நாளைக் காட்டுங்கள். எனக்கு அதைவிடப் பரபரப்பான காட்சி எதுவும் கிடையாது.

ஷேன் மெக்கான்கி கதை தெரிந்திருக்கும். அருமையான ஸ்கீயர். ஆழமான புதுப்பனியில் சறுக்குவதற்கான பலகையின் வடிவத்தையே மாற்றிப்போட்டவர். 2009 மார்ச் 26-ம் தேதி இத்தாலியின் டோலமைட் மலைகளில், சறுக்கி வந்து பாறை விளிம்பில் குதித்து, காற்றிலேயே ஸ்கீ பலகைகளைக் கழற்றிவிட்டு, விங்சூட்டில் பறக்க வேண்டும் என்பது திட்டம். பலகைகள் நேரத்துக்குக் கழலவில்லை. செத்துப்போனார். வயசு 39. மனைவியும் மூன்று வயசு மகளும். அவர் அன்றைக்குக் குதித்தது ஒரு படத்துக்காக. 2013-ல் அவரைப் பற்றி 'மெக்கான்கி' என்று ஆவணப்படம் வந்தது. நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், நானும் கண்கலங்கினேன். ஆனால் எடுத்தது யார்? அவருக்கு ஸ்பான்சராக இருந்த எனர்ஜி டிரிங்க் கம்பெனியின் படப்பிரிவும், அவர் செத்த அன்று படமெடுத்துக்கொண்டிருந்த அதே நிறுவனமும் சேர்ந்து. அவர்களுடைய துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை, நண்பனைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் கடன் சாங்ஷன் செய்த மேனேஜரே அந்த வாராக்கடனுக்கு ஆடிட் ரிப்போர்ட்டும் எழுதினால், அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும், எந்த ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொள்ளும்?

இந்த இடத்தில் வழக்கமாக வருகிற பதில்கள் இரண்டு.

ஒன்று: 'அவங்க விரும்பித்தானே போறாங்க, உனக்கென்ன?' நியாயம். மெக்கான்கி விரும்பித்தான் போனார். 2006 ஏப்ரலில் பிரான்சின் லா கிராவ் மலையில் இறந்த டக் கூம்ப்ஸ், கேமராவுக்காகச் சாகவில்லை. விழுந்துவிட்ட நண்பரைப் பார்க்கப் போய்த் தானும் விழுந்து செத்தார். 2007-ல் வந்த 'ஸ்டீப்' படத்தில் அவர் பேசுவதைக் கேட்டால் இந்த மனுஷன் வேறு எந்த வாழ்க்கையும் வாழ்ந்திருக்க முடியாது என்று தோன்றும். மலைமேல் ஆசை வைத்தவனைத் தடுக்க நான் யார்? ஆனால் 1970-ல் பனியருவியில் செத்த ஆறு பேர் விரும்பிச் சறுக்கப் போனவர்கள் இல்லை. கூலிக்குச் சுமந்தவர்கள். பிழைப்புக்கு வேறு வழி குறைவாக உள்ளவனின் 'விருப்ப'த்தையும் ஸ்பான்சர் உள்ளவனின் விருப்பத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இரண்டு: 'கேமராமேனும்தானே உயிரைப் பணயம் வைக்கிறார்?' அதைத்தான் சாமி நானும் சொல்கிறேன்! அவரை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?

'அதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாம் மாறிடுச்சு' என்பவர்களுக்கு 2014-ஐ ஞாபகப்படுத்துகிறேன். இது ஸ்கீயிங் இல்லை, ஆனால் அதே ஜாதி. எவரெஸ்ட் உச்சியிலிருந்து ஒருவர் விங்சூட்டில் குதிப்பதை நேரடி ஒளிபரப்பு செய்ய டிஸ்கவரி சேனல் ஏற்பாடு செய்திருந்தது. ஏப்ரல் 18-ம் தேதி அதே கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் மலையில் வேலை பார்த்த நேபாளத்துக்காரர்கள். அந்தத் தாவலுக்காக உழைத்தவர்களும் அதில் உண்டு. நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். 44 வருஷம் கழித்தும் அதே இடம், அதே சுமை, அதே ஆட்கள். நேபாள அரசு முதலில் அறிவித்த உடனடி உதவி 40,000 நேபாள ரூபாய். நம்ம காசுக்கு 25,000. ஷெர்பாக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கட்டாய இன்சூரன்ஸ் தொகை 10 லட்சம் நேபாள ரூபாயில் இருந்து 15 லட்சமானது. நம் கணக்கில் ஒன்பது லட்சத்துச் சொச்சம். ஒரு கார் லோன்.

ஆனால் அதே 2014-ல்தான் எப்படி எடுக்கணும் என்பதற்கும் உதாரணம் கிடைத்தது. ஜெனிஃபர் பீடம் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி, எவரெஸ்டை ஷெர்பாக்களின் பக்கம் நின்று காட்டணும் என்றே கேமராவோடு அங்கே போயிருந்தார். விபத்து நடந்தது. 2015-ல் 'ஷெர்பா' படம் வந்தது. அதில் சுமை தூக்குபவனுக்கு முகம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, 'இந்த வருஷம் ஏற மாட்டோம்' என்று சொல்லும் வாய் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு எந்த இடத்திலும் பரபரப்பு குறையவில்லை.

இன்னொரு உதாரணம், 2018-ல் வந்த 'ஃப்ரீ சோலோ'. கயிறில்லாமல் பாறை ஏறும் படம். ஏறுபவர் விழுந்தால் அதைப் படம்பிடித்தவர்களாக ஆகிவிடுவோமே என்ற பயத்தைப் படமெடுப்பவர்களே கேமரா முன்னால் பேசுகிறார்கள். முக்கியமான கட்டத்தில் ஒரு கேமராமேன் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தத் திருப்பல் ஒன்றுக்கே ஆஸ்கர் கொடுக்கலாம். கொடுத்தார்கள். அதை எடுத்தவர்களில் ஒருவரான ஜிம்மி சின்தான் 2025 அக்டோபரில் ஜிம் மாரிசன் எவரெஸ்டின் வடக்கு முகத்தில் சறுக்கி இறங்கியதையும் படமாக்கியவர். அவருக்கு வழி தெரியும். அதனால் அவரிடம் எதிர்பார்ப்பும் எனக்குக் கூடுதல்.

கேமரா என்றாலே பாவம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் போலந்துக்காரர் ஆன்ட்ரே பார்கியேல் கே-2 உச்சியிலிருந்து சறுக்கி இறங்கினார், உலகத்திலேயே முதல் ஆளாக. அவருடைய அண்ணன் தம்பி உறவில் ஒருவர் அங்கே ட்ரோன் இயக்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் பக்கத்து பிராட் பீக் மலையில் காணாமல்போய், செத்துவிட்டார் என்றே பலரும் நினைத்த ஒரு ஸ்காட்லாந்து மலையேறியை அந்த ட்ரோன்தான் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆள் பிழைத்தார். படமெடுக்க வந்த கருவி, நாயகனை விட்டுவிட்டு இன்னொருத்தனைத் தேடிப் போன அந்தப் பொழுதுதான் என்னைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் உச்சி.

ஆக, நான் கேட்பது தடை இல்லை. வெளிப்படையான கணக்கு. ஒவ்வொரு எக்ஸ்ட்ரீம் ஸ்கீயிங் ஆவணப்படமும், பெரிய எழுத்தில், படத்துக்குள்ளேயே, இதைச் சொல்லட்டும்:

1. பணம் யாருடையது? ஸ்பான்சர்தான் தயாரிப்பாளர் என்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். விளம்பரத்தை விளம்பரம் என்று தெரிந்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2. அந்த 'தனியாக' ஷாட் எடுத்தபோது மலையில் மொத்தம் எத்தனை பேர்? சுமந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை முறை ஏறி இறங்கினார்கள்?

3. அவர்களுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு, சறுக்கியவருக்கு எவ்வளவு? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வேறு வசனமே தேவையில்லை.

4. 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது?

நாலே வரி. முப்பது செகண்ட் ஆகுமா? மியூராவின் சறுக்கலே இரண்டு நிமிஷம் இருபது செகண்ட் ஓடியது. அதில் கால்வாசி நேரம்கூடக் கேட்கவில்லை.

பார்க்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது மக்களே. அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்த்தால், நாயகன் கீழே வந்து கைதூக்கியதும் ஆஃப் பண்ணாதீர்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஓடும் பெயர்களை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். சுமந்தவர்கள் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எந்தப் படம் என்று இங்கே வந்து சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு பட்டியல் போடலாம்.

டிஸ்கி: 'நீ ஏசி ரூம்ல உக்காந்து லோன் கொடுக்கிறவன், உனக்கு சாகசம் புரியாது' என்று பின்னூட்டம் போட நினைப்பவர்களுக்கு: மார்ச் 31-ம் தேதி ராத்திரி ஒரு கிளையில் உட்கார்ந்து கணக்கு முடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.